நத்தார்ச் சட்டை தைக்கிறவளின் திருவருகைக் காலம்: வேலைக்கு நடுவே ஆயத்தம் செய்வது எப்படி

நவம்பர் கடைசிக் கிழமை பிறந்தால் எங்கள் வீட்டு முன் விறாந்தையில் துணிப்பைகள் குவியத் தொடங்கும். ஒவ்வொரு பையிலும் ஒரு அளவுச் சட்டை, ஒரு துண்டுக் கடதாசி, அதில் பெயரும் "இருபதாம் திகதிக்கு முந்தி வேணும்" என்ற ஒரு வரியும். மட்டக்களப்புத் தாண்டவன்வெளியில் முப்பது வருடத்துக்கு மேலாகத் தைக்கிறேன். மற்றவர்களுக்குத் திருவருகைக் காலம், அதாவது நத்தாருக்கு (கிறிஸ்மசுக்கு) ஆயத்தம் செய்கிற நாட்கள், செபத்துக்கும் அமைதிக்கும் உரிய காலம். எனக்கு அது வருடத்திலேயே தலை நிமிர நேரமில்லாத மாதம். பிரசங்கத்தில் சுவாமி "வேலைகளைக் குறைத்து அமைதியில் காத்திருங்கள்" என்று சொல்லும்போது, முன் வாங்கில் இருக்கிற கேக் அடிக்கிற அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

ஆகவே இது எங்களைப் போன்ற ஆட்களுக்கு. தையல்காரர், பேக்கரியில் நிற்கிறவர்கள், புடவைக்கடையில் இரவு பத்து மணி மட்டும் நின்று துணி மடிக்கிற பிள்ளைகள், வாட்டில் இரவு வேலை செய்கிற தாதிமார். நேரம் உள்ளவர்களுக்குச் சொல்லித்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

முதலில் திகதி. நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளும் திருவருகைக் காலம். தொடங்கும் நாளைக் கண்டுபிடிக்க, நவம்பர் 30, அந்திரேயா திருநாளுக்குக் கிட்டவாக வரும் ஞாயிற்றைப் பாருங்கள். அது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில்தான் விழும். 2026இல் நவம்பர் 29. சில வருடங்களில் 28 நாள் கிடைக்கும், சில வருடங்களில் 22 நாள்தான். 2023இல் நான்காம் ஞாயிறே டிசம்பர் 24இல் வந்தது. காலையில், ஞாயிற்றுக்கு ஒன்றாகக் கொளுத்துவதில் நான்காம் மெழுகுதிரி, இரவில் பாலன் பிறப்பு. அந்த வருடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கலண்டரில் முதல் ஞாயிற்றை ஒக்டோபரிலேயே வட்டம் போட்டுவிடுங்கள். ஓடர் எடுக்கிற ஆளாக இருந்தால் டிசம்பர் 16க்குப் பிறகு புது ஓடர் இல்லை என்பதையும் அதே நாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அந்தக் கடதாசியைப் பார்த்து இரண்டு மூன்று பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். அடுத்த வருடம் நவம்பரிலேயே வந்தார்கள்.

கடன் கொப்பி

எல்லாரும் செபத்தில் தொடங்கச் சொல்வார்கள். நான் கடனில் தொடங்கச் சொல்வேன். அதற்கு ஒரு கதை இருக்கிறது.

ஏழெட்டு வருடத்துக்கு முந்தி, டிசம்பர் 22ஆம் திகதி பின்னேரம் ஒரு தாய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தா. பிள்ளைக்குப் புதுநன்மை (முதல் முறை நற்கருணை) எடுத்த முதல் நத்தார். "அக்கா, புள்ளட சட்ட முடிஞ்சா?" என்று கேட்டா. உண்மை என்னவென்றால் அந்தத் துணியை நான் இன்னும் வெட்டவேயில்லை. வாயைத் திறந்தேன், பொய் தானாக வந்தது. "தச்சி முடிஞ்சி மனே. கரண்ட் இல்ல, அயன் போட ஏலாமக் கிடக்கு." அந்த நேரம் பார்த்து உள்ளே பான் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை பானை நிமிர்ந்து பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. தாய் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டா.

இரவோடு இரவாகத் தைத்து அடுத்த நாள் கொடுத்துவிட்டேன். ஆனால் 24ஆம் திகதி பின்னேரம், சுவாமியிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சுவாமி பரிகாரமாகப் பத்து அருள்நிறை மந்திரம் (மாதா செபம்) தருவார் என்று நினைத்துக்கொண்டு முழந்தாளில் இருந்தேன். அவர் சொன்னார், "அம்மா, அந்தப் பிள்ளைக்கு நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்து நன்மை எடுங்கள்." நள்ளிரவுப் பூசைக்கு முந்தி, மழைக்குள் குடையோடு அந்த வீட்டைத் தேடிப் போனேன். அதைவிட நீளமான ஒழுங்கை மட்டக்களப்பில் இல்லை.

அடுத்த நவம்பரில் கொப்பி வாங்கினேன். நீங்களும் ஒரு சின்னக் கொப்பி எடுங்கள். மூன்று கோடு அடித்து, காசு, வேலை, வாய் என்று தலைப்புப் போடுங்கள். காசு என்றால் கொடுக்க வேண்டிய காசு. எனக்கு அது பெரும்பாலும் காத்தான்குடியில் நூலும் லைனிங்கும் வாங்குகிற கடை. அந்தக் கடைக்கார நானா ஒருநாளும் கேட்கமாட்டார். கேட்காத கடனைத்தான் முதலில் எழுத வேண்டும். வேலை என்றால் வாங்கி வைத்துவிட்டு முடிக்காதது. தீபாவளிக்கு ஒரு டீச்சர் தந்த பிளவுசுக்குக் கை வைக்காமலே இருக்கும். வாய் என்றால் சொன்ன பொய், சொல்லாமல் விட்ட மன்னிப்பு, எல்லையில் நடுகிற வேலிக்கதியாலுக்காகச் சொந்தச் சகோதரியோடு ஆறு மாதம் கதைக்காமல் இருக்கிறது.

முதல் கிழமையில் காசு. நத்தார்ச் செலவுக்கு எடுத்து வைத்ததில் இருந்தே கொடுங்கள், கேக்குக்குக் கஜு குறைந்தாலும் பரவாயில்லை. முழுக்கக் கொடுக்க ஏலாவிட்டால் நேரில் போய், எந்தத் திகதிக்கு எவ்வளவு என்று சொல்லிவிட்டு வாருங்கள். இரண்டாம் கிழமையில் வேலை. வாய்க்கு மட்டும் கிழமை குறிக்க வேண்டாம், எப்போது துணிவு வருகிறதோ அப்போது.

இது நானாகக் கண்டுபிடித்த வழி என்று பெருமை பேசவில்லை. இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளில் வாசிக்கப்படுவது திருமுழுக்கு யோவானைப் பற்றித்தானே. லூக்கா மூன்றாம் அதிகாரத்தில் சனங்கள் அவரிடம் வந்து "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கிறார்கள். அவர் இவ்வளவு செபமாலை சொல்லுங்கள் என்று சொல்லவில்லை. இரண்டு அங்கி வைத்திருக்கிறவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்றார். வரி தண்டுகிறவர்களிடம் குறித்ததற்கு மேல் தண்டாதே என்றார். படைவீரரிடம் மிரட்டிப் பறிக்காதே, சம்பளம் போதும் என்று இரு என்றார். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு பதில். தையல்காரி போய்க் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். இரண்டரை மீற்றர் போதும் என்றால் மூன்று மீற்றர் கேட்காதே. மிச்சத்துணியைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக் கொடு. உங்கள் தொழிலுக்கு என்ன சொல்லியிருப்பார் என்று அந்த ஐந்து வசனத்தையும் வாசித்துவிட்டுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். யாருக்கும் காட்டத் தேவையில்லை.

இரண்டு அங்கி விஷயத்தையும் விட்டுவிட வேண்டாம். ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளைக்கு ஒரு புதுச்சட்டை காசில்லாமல் தைக்கிறேன். பழையதைக் கழுவிக் கொடுப்பதில்லை. அளவு எடுக்கப் பிள்ளையைக் கூப்பிட்டால் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும், ஆகவே தாயிடம் "புள்ளட பழைய சட்ட ஒண்டு தாங்க, மாதிரி வெட்டிப் பாக்கணும்" என்று வாங்கிக்கொள்வேன். டிசம்பர் பத்துக்கு முந்தியே கொடுத்துவிட வேண்டும். 24ஆம் திகதி கொடுத்தால் அந்தத் தாய் மூன்று கிழமையாகக் கடன் கேட்டு அலைந்து முடித்திருப்பா.

மெழுகுதிரி வளையம்

திருவருகை வளையம் எங்கள் ஊர்ச் சாமான் இல்லை. 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில், விக்கெர்ன் என்ற லூத்தரன் போதகர் தன் இல்லத்தில் இருந்த ஏழைப் பிள்ளைகள் "நத்தாருக்கு இன்னும் எத்தனை நாள்?" என்று நச்சரித்ததால், வண்டிச் சில்லு ஒன்றில் நாளுக்கு ஒன்றாக மெழுகுதிரி குத்தி நாள் எண்ணக் கொடுத்தாராம். அது பிறகு நான்காகக் குறைந்து கத்தோலிக்கக் கோயில்களுக்கும் வந்தது. அங்கே பனிக்காலத்திலும் பச்சையாக நிற்கிற இலையில் கட்டுவார்கள். நமக்கு அது எதற்கு?

ஒரு பழைய அலுமினியத் தட்டு எடுங்கள். கல்லடிக் கடற்கரை மணல் இரண்டு கை அள்ளிப் போடுங்கள். கரண்ட் போனால் கொளுத்துகிற வெள்ளை மெழுகுதிரி நான்கு நட்டால் போதும். மூன்றின் அடியில் ஊதாத் துணி, ஒன்றின் அடியில் ரோசா நிறத் துணி கட்டுங்கள். நான் மிச்சத்துணியில் கட்டுகிறேன், கேட்டு வாங்கிய மிச்சத்துணி. கட்டு மணலோடு ஒட்டி இருக்க வேண்டும். மெழுகுதிரி அரைவாசிக்குக் கீழே எரிய முந்தி மாற்றிவிடுங்கள், நைலோன் கலந்த துணி நெருப்பைக் கண்டால் கேட்டுக்கொண்டு நிற்காது. சுற்றி வர ஒரு சவுக்குக் கொப்பு வளைத்து வைத்தால் வாசமும் வரும்.

முதல் கிழமை ஒன்று, இரண்டாம் கிழமை இரண்டு என்று கொளுத்த வேண்டும். ரோசா மூன்றாம் ஞாயிற்றுக்கு. "மகிழுங்கள்" ஞாயிறு அது, சுவாமியும் அன்று ரோசா உடுப்புப் போடலாம். இரவுச் சாப்பாட்டுக்கு முந்திப் பத்து நிமிடம். லைற்றை நிறுத்துங்கள், டிவியையும்தான். என் பேரப்பிள்ளைகள் யார் தீக்குச்சி உரசுவது என்று சண்டை பிடிக்கும். அந்தச் சண்டை முடியவே மூன்று நிமிடம் போய்விடும். மிச்சம் ஏழு நிமிடம் போதும்.

இந்தக் காலத்தின் நிறம் ஏன் ஊதா என்று புதுநன்மைப் பிள்ளைகள் கேட்டால், இது மனம் திரும்புகிற காலம், அதனால்தான் பூசையில் "உன்னதங்களிலே" பாட்டையும் நிறுத்தி வைக்கிறோம் என்று சொல்வேன். பெரியவர்களுக்கு இன்னொன்று சொல்வேன். இது துக்க வீட்டாருக்கும் இடம் விடுகிற நிறம்.

மட்டக்களப்பில் நத்தாருக்கு அடுத்த நாள் டிசம்பர் 26. 2004இல் அது ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருநாள். நாவலடியிலும் திருச்செந்தூரிலும் கல்லாற்றிலும் கல்முனையிலும் முதல் நாள் உடுத்த புதுச்சட்டை கழுவிக் கொடியில் கிடந்த நேரத்தில் கடல் வந்தது. பாடசாலைகளில் வந்து இருந்த சனத்துக்கு நாங்கள் நாலைந்து தையல்காரர் சேர்ந்து பாவாடை தைத்துக் கொடுத்தோம். லேஸ் இல்லை, பக்கத் தையல் மட்டும். அதற்கு அடுத்த நத்தார், 2005இல், நள்ளிரவுப் பூசையில் புளியந்தீவு மரியாள் இணைப் பேராலயத்துக்குள் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கத்தைச் சுட்டுக் கொன்றார்கள். 2019 உயிர்ப்பு ஞாயிறில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகள் போனார்கள். எங்கள் ஊரில் "இனிய நத்தார் வாழ்த்துகள்" என்று சொல்லும்போது கேட்கிறவர் வீட்டில் என்ன இருக்கிறது என்று ஒருதரம் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை, மத்தேயு வாசிக்கப்படும் வருடத்தில், திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு நற்செய்தி நோவாவின் வெள்ளத்தைப் பற்றியது. உண்டார்கள், குடித்தார்கள், பெண் எடுத்தார்கள், கொடுத்தார்கள், வெள்ளம் வந்து அள்ளிக்கொண்டு போகும் மட்டும் ஒன்றும் அறியவில்லை. மற்ற ஊர்களில் அது உவமையாகக் கேட்குமாக்கும். இங்கே அதை வாசிக்கும்போது வெளியே மாரி மழை கோயில் தகரத்தில் அடித்துக்கொண்டிருக்கும், ஆள்கள் மூச்சு விடமாட்டார்கள்.

ஒரு வருடத்துக்குள் மரணம் நடந்த வீட்டில் நத்தாருக்குப் பலகாரம் சுடுவதில்லை, புதுச்சட்டை தைப்பதில்லை. அப்படிப்பட்ட வீட்டில் திருவருகைக் காலத்தை விட்டுவிட வேண்டும் என்றில்லை. முதல் மெழுகுதிரியை இறந்தவருக்காகக் கொளுத்துங்கள். பெயரை ஒரு துண்டில் எழுதித் தட்டுக்குக் கீழே வையுங்கள், கொளுத்தும்போது சத்தமாகச் சொல்லுங்கள். நான்காம் கிழமை வரைக்கும் அதுதான் செபம் என்றாலும் குறையில்லை. பக்கத்து வீட்டில் அப்படி ஒரு வீடு இருந்தால் உங்கள் கொக்கிஸ் பலகாரத் தட்டை நத்தார் அன்றைக்குக் கொண்டுபோக வேண்டாம். பதினைந்தாம் திகதி போல் சும்மா ஒரு தேத்தண்ணிக்குப் போங்கள்.

மிசினில் கால் வைத்துக்கொண்டே

வாசிப்புக்கு எளிய வழி லூக்கா. அதில் 24 அதிகாரம். டிசம்பர் 1இல் ஒன்றாம் அதிகாரம், 24இல் இருபத்து நான்கு. முதல் நாள்தான் கஷ்டம், 80 வசனம். பலர் அன்றைக்கே விட்டுவிடுவார்கள். காலையில் பாதி, இரவில் பாதி என்று பிரியுங்கள். இரண்டாம் திகதியே பாலன் பிறந்துவிடுவார். "அம்மம்மா, நத்தார் முடிஞ்சி போச்சா?" என்று என் பேத்தி கேட்டாள். முடியவில்லை. 24ஆம் திகதி இரவு வாசிப்பது கல்லறை வெறுமையான கதை, எம்மாவுஸ் வழியில் நடந்தவர்களின் கதை. வீட்டில் கட்டி வைத்த பாலன் கொட்டிலுக்கு முன்னால் அதை வாசித்துவிட்டுப் பூசைக்குப் போவது எனக்குப் பிடித்திருக்கிறது. வாசிக்க நேரமில்லாதவர்கள் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு நான் பட்டன் தைக்கிற நேரத்தில் பேத்தி வாசிப்பாள். ஊர்ப் பெயர்களில் தடக்குவாள். திருத்துவதில்லை.

செபத்துக்கு நான் கண்ட வழி மூவேளைச் செபம். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு. "ஆண்டவருடைய தூதர் மரியாளுக்குத் தூதுரைத்தார்" என்று தொடங்கி மூன்று அருள்நிறை மந்திரம். இரண்டு நிமிடம் கூடப் பிடிக்காது. அந்தச் செபம் முழுக்கக் கடவுள் மனிதரானதைப் பற்றித்தான், ஆகவே இந்தக் காலத்துக்கு வேறு செபம் தேட வேண்டியதில்லை. கோயில் மணி கேட்காத இடத்தில் போனில் அலாரம் வையுங்கள். மணி கேட்டால் மிதியில் இருந்து காலை எடுத்துவிட வேண்டும். ஊசி துணிக்குள் இருந்தாலும் இருக்கட்டும். தையல் கோடு ஒருநாளும் கோணாது, சொல்லிவைக்கிறேன்.

சில வருடங்களில் மார்கழித் திருவெம்பாவையும் இதே நாட்களில் விழும். விடிய நாலு மணிக்குச் சங்கும் சேமக்கலமுமாக ஆட்கள் ஒழுங்கையால் போவார்கள். அடுத்த வீட்டம்மா குளித்துவிட்டுக் கோயிலுக்கு வெளிக்கிடுவா. நானும் அந்தச் சத்தத்தில் எழும்பிவிடுவேன். அவ தன் சாமியை எழுப்பப் போறா, நான் விடியப் பூசைக்குப் போறேன், இரண்டு பேரும் படலையில் "மழை விடுமா?" என்று கேட்டுக்கொள்வோம்.

பாவசங்கீர்த்தனத்துக்குக் கடைசிக் கிழமை வரை நிற்க வேண்டாம். வரிசை நீளும், சுவாமிமாரும் களைத்துப் போவார்கள், நீங்களும் "கோபப்பட்டேன், பொய் சொன்னேன்" என்று நாலு வார்த்தையில் முடிப்பீர்கள். இரண்டாம் கிழமையில் போங்கள். டிசம்பர் 8, அமல உற்பவ மாதா திருநாளை ஒட்டிப் போகிறது என் வழக்கம். முதல் நாள் இரவு கடன் கொப்பியை எடுத்துப் பாருங்கள், ஆத்துமசோதனை அதிலேயே கிடக்கும். அடுத்தவர் செய்ததைச் சொல்ல வேண்டாம். "அவ அப்படிச் சொன்னதால..." என்று வாய் தொடங்கினால் நிறுத்தி, அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

கடைசி எட்டு நாள்

டிசம்பர் 17இல் இருந்து வாசகங்கள் மாறும். அன்றைக்கு மத்தேயு முதல் அதிகாரத்தின் தலைமுறை அட்டவணை. பதினாலு பதினாலாக மூன்று கட்டு. சனத்துக்கு அது வாசிக்கும்போது கொட்டாவி வரும். பெண்களின் பெயர்களை மட்டும் எண்ணிப் பாருங்கள்: தாமார், இராகாபு, ரூத்து, பெயர் சொல்லாமல் உரியாவின் மனைவி, கடைசியில் மரியாள். முதல் நாலு பேரின் கதையையும் தேடி வாசித்தால், எங்கள் ஒழுங்கையில் இருந்திருந்தால் கதை கட்டப்படாமல் தப்பியிருக்கக்கூடிய பெண் ஒருத்தியும் அந்த அட்டவணையில் இல்லை என்று விளங்கும். அடுத்த நாள் யோசேப்பு. நற்செய்தியில் அவர் பேசிய ஒரு வார்த்தையும் இல்லை. எழும்பினார், செய்தார், அவ்வளவுதான். பேச நேரமில்லாதவர்களுக்கு அவர் நல்ல துணை.

கொட்டிலுக்கு நெல் போடுகிறவர்கள் 13ஆம் திகதி, லூசியா திருநாளில், ஊறவைத்த நெல்லைச் சிரட்டையில் ஈரமண் போட்டு விதையுங்கள். 24க்கு ஒரு விரல் உயரம் பச்சையாக நிற்கும். 18இல் போட்டால் முளைதான் காணலாம், முந்திப் போட்டால் சாய்ந்துவிடும். கொட்டிலைக் கட்டி ஆடு மாடு எல்லாம் வைத்தாலும் பாலனை 24ஆம் திகதி இரவு வரும் வரைக்கும் வைக்க வேண்டாம். அந்த வெறும் வைக்கோல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை நான் ஒருநாளும் வாயால் சொல்லிக்கொடுத்ததில்லை. பேத்தி ஒவ்வொரு இரவும் தான் செய்த ஒரு நல்ல காரியத்துக்கு ஒரு வைக்கோல் துரும்பு போடுவாள். சில நாளில் இரண்டு போட்டுவிட்டு, ஒன்றைத் திருப்பி எடுப்பாள்.

24ஆம் திகதி பகல் பன்னிரண்டு மணி அடித்தால் மிசினை நிறுத்துகிறேன். ஊசியைக் கழற்றி, பொபின் கூட்டுக்குள் இருக்கிற பஞ்சைத் துடைத்து, எண்ணெய் விட்டு, மூடிவிடுவேன். எனக்கென்று வெட்டி வைத்த பிளவுஸ் பெரும்பாலும் அப்படியே கிடக்கும், போன வருடத்ததை அயன் பண்ணி உடுத்துவேன். கொப்பியை எடுத்து, தீர்ந்ததைக் கோடு அடிப்பேன். தீராதது எப்போதும் ஒன்றிரண்டு இருக்கும். அதை அடுத்த பக்கத்துக்கு மாற்றி எழுதுவேன். போன வருடம் மாற்றி எழுதியது வேலிக்கதியால். இந்த வருடம் அது இல்லை, சகோதரி ஒக்டோபரில் வந்து முற்றத்தில் நின்று "அக்கா, தேங்காய் விழுந்து கிடக்கு, எடுக்கல்லையா?" என்று கேட்டா.

பின்னேரம் ஒரு மணித்தியாலம் கட்டாயம் படுங்கள். மூன்று கிழமை நித்திரை முழித்தவர்கள் நள்ளிரவுப் பூசையில் பிரசங்கத்துக்கே தூங்கிவிடுவார்கள், நான் தூங்கியிருக்கிறேன். லூக்கா இருபத்து நான்கை வாசியுங்கள், பாலனைத் துணியில் சுற்றி வீட்டில் சின்னப் பிள்ளையின் கையில் கொடுத்துக் கொட்டிலில் வைக்கச் சொல்லுங்கள். பத்தரைக்கு வெளிக்கிட்டால் உள்ளே இருக்க இடம் கிடைக்கும். குடை இரண்டு எடுங்கள். போகும்போது மழை இல்லாவிட்டாலும் வரும்போது இருக்கும்.